துறையில் காத்து நிற்கும் தந்தை



ஊர்காவற்றுறைப் பக்கத்தில் நீண்டகாலம் மறைக்கல்வி கற்பித்து மறைந்த ஓர் ஆசிரியையின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளையின் உரை இது. தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் அழைப்பிதழிலும் பெயர் இல்லை, நானும் சொல்லப்போவதில்லை. அவரிடம் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப்பேர் இருக்கிறீர்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது பரலோக மந்திரம். அந்தச் செபம் கடவுளைத் தந்தை என்று அழைத்துத்தான் தொடங்குகிறது. அந்த அழைப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதைப் பற்றி மறைவல்லுநர்கள் எழுதியவற்றைச் சுருக்கித் தருவது என் நோக்கமில்லை. இந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் கடவுளைத் தந்தை என்று எப்படி அறிந்தார்கள் என்பதே என் கேள்வி. நான் கண்ட பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுத் தகப்பன்மாரின் சாயலை வானத்தில் ஏற்றிவைத்து நாங்கள் அதை அறியவில்லை. தகப்பனின் இடம் வெறுமையாய்க் கிடந்த காலங்களில்தான், அந்த இடத்தில் யாரோ ஒருவர் வந்து நின்றபோதுதான், எங்கள் சனம் இந்தச் செபத்தை மனமறிந்து சொல்லப் பழகியது.

என் தலைமுறையில் தகப்பனை ஐயா என்றுதான் கூப்பிட்டோம். ஐயாவோடு நேரே கதைப்பது குறைவு. ஐயா ஊருக்கு வந்து நிற்கும் நாட்களில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் காசு வேண்டுமென்றால் குசினிக்குள் போய் நிற்போம். "ஐயாவிட்டை நீங்களே கேளுங்கோ அம்மா." அம்மா உடனே கேட்கமாட்டா. இரவுச் சாப்பாட்டின்போது இரண்டாம் முறை குழம்பு விட்ட பிறகு, பதம் பார்த்து எடுத்துச் சொல்லுவா. நாங்கள் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். ஐயாவிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒரு "ம்" தான். அது கிடைத்தால் காரியம் முடிந்தது. ஐயாவுக்கு எங்களில் அன்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்த அன்பு எங்களிடம் வந்து சேர இன்னொருவர் வேண்டியிருந்தது.

கோயிலிலும் அதே வழக்கத்தைத்தான் வைத்துக்கொண்டோம். மாதாவிடம் அழுவோம். அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்போம். யாகப்பரையும் செபஸ்தியாரையும் துணைக்குக் கூப்பிடுவோம். கடலோடிகளுக்கு அந்தோனியார் எவ்வளவு நெருக்கமானவர் என்று தெரிய வேண்டுமென்றால் கச்சதீவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குடிதண்ணீர்கூட இல்லாத அந்தத் தீவில், நம்புதாளைச் சீனிக்குப்பன் படையாட்சி கட்டிவைத்த சிறுகோயிலைத் தேடி ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டி இராமேசுவரத்து வள்ளங்களும் நெடுந்தீவு வள்ளங்களும் வந்து சேருகின்றன. 2016 டிசம்பரில் அங்கே புதிய ஆலயம் திறக்கப்பட்டது. கடலில் ஒருவர் வலையை ஒருவர் அறுத்துவிட்டதாகச் சண்டை போடுகிறவர்கள், அந்த இரண்டு நாளும் ஒரே மணலில் முழங்காலில் இருக்கிறார்கள்.

புனிதர் வணக்கத்தைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குக் கிடையாது. அது பாசத்தில் பிறந்தது. ஆனால் தந்தையாகிய கடவுளுக்கு நேர்த்தி வைத்த ஒருவரை நான் இந்தத் தீவில் கண்டதில்லை. அவரை நாங்கள் உள்வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து "ம்" என்று மட்டும் சொல்லும் ஐயாவாக ஆக்கிவிட்டோமோ என்ற கவலை எனக்கு உண்டு. இயேசு காட்டிய தந்தை அப்படிப்பட்டவர் இல்லை என்பதால்தான் இந்தக் கவலை.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் கதை உங்களுக்குத் தெரியும். தகப்பன் உயிரோடிருக்கும்போதே பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனவன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றித் தீனிக்கு ஆசைப்படும் நிலைக்கு வந்து, கூலியாளாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகத் திரும்பி வருகிறான். அவன் தொலைவில் வரும்போதே தகப்பன் கண்டுகொள்கிறார். வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் தொலைவில் வருகிறவன் யாரென்று தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்தது எங்கள் ஊர்ப் பெரியவர் எவரும் செய்யத் துணியாத காரியம். அவர் ஓடுகிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கத் தெருவில் ஓடி, அழுக்கோடு வரும் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். மகன் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு வார்த்தைகளைச் சொல்லி முடிக்கும் முன்பே புதுச்சட்டை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். இடையில் பேசிக்கொடுக்க எவரும் தேவைப்படவில்லை.

இந்தக் கதையைத் தீவில் இருந்து வாசிக்கும்போது ஒன்று தலைகீழாய் நிற்கும். கதையில் போகிறவன் மகன், காத்து நிற்கிறவர் தகப்பன். எங்கள் தீவுகளிலோ போனவர்கள் தகப்பன்மார், காத்து நின்றவர்கள் பிள்ளைகள். மண் வரண்டது, மழை குறைவு, கிணறு பல இடங்களில் உவர். அதனால் எங்கள் ஆண்கள் மலாயாவுக்குப் போனார்கள். புங்குடுதீவாரும் வேலணையாரும் கொழும்பிலும் தெற்கே தூர இடங்களிலும் கடை போட்டார்கள். கிறிஸ்மஸுக்கோ திருநாளுக்கோ வந்து, சில நாள் நின்று, மறுபடியும் பெட்டியைத் தூக்குவார்கள். 1958இலும் 1977இலும் 1983இலும் கடைகள் எரிந்தபோது உடுத்த துணியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. திரும்பி வராதவர்களும் உண்டு. பிறகு பாரிஸும் லண்டனும் ரொறன்ரோவும் வந்தன.

என் ஐயாவும் தெற்கில் ஒரு கடையில்தான் நின்றார். மாலையில் குப்பி விளக்கை ஏற்றிவைத்து அம்மா செபமாலை தொடங்குவா. ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து, பிரார்த்தனையும் சொல்லி, நித்திரை கண்ணைக் கட்டும் நேரத்தில் அம்மா விடமாட்டா. "ஐயாவுக்காக ஒரு பரலோக மந்திரம், மூண்டு அருள் நிறைந்த மந்திரம்." தூரத்தில் இருக்கும் தகப்பனுக்காக, பரலோகத்தில் இருக்கும் தந்தையிடம், தகப்பன் இல்லாத வீட்டில் இருந்து ஒரு செபம். எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்தில் அது நடந்துகொண்டிருந்தது. கடவுளைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. ஐயா இல்லாத இடத்திலும் என்னைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தோடுதான் நான் படுக்கப் போனேன்.

வீட்டுக்கு வந்த இந்த நிலை ஒரு காலத்தில் எங்கள் திருச்சபை முழுவதற்கும் வந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள். குருவை வீட்டில் ஒளித்துவைப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் அவர்களுடைய கோயில்களாயின. கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடங்களில் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் பிள்ளைகள் பாடமாக்க வேண்டும். பிள்ளையை அனுப்பாத தாய்தகப்பனுக்குக் குற்றப்பணம். இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் குருவாக இருந்த பிலிப்பு பால்தேயு, 1672இல் ஒல்லாந்தில் வெளிவந்த தன் பெரிய நூலில் அந்தச் செபத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். மொழி தெரியாமல் வந்த ஒருவர் எங்கள் சனத்தோடு எங்கள் மொழியில் செபிக்கப் பாடுபட்டார். ஆனால் விரட்டியவர்களும் ஒளித்திருந்தவர்களும் அந்நாட்களில் இரவில் ஒரே செபத்தைச் சொல்லி, ஒரே தந்தையைக் கூப்பிட்டுவிட்டுத்தான் படுத்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. குற்றப்பணத்துக்குப் பயந்து ஞானஸ்நானப் பதிவில் ஏறிய ஆயிரக்கணக்கான பெயர்கள், ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் கலைந்துபோயின. தண்டனை காட்டி ஒரு பிள்ளையிடம் கடவுளைத் தந்தை என்று சொல்லவைக்கலாம். அந்தப் பிள்ளை அவரை அறிந்துகொள்ளாது.

குரு இல்லாத அந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விசுவாசத்தைத் தாங்கியவர்கள் வீட்டுப் பெண்களும் ஊர் மூப்பர்மாரும்தான். 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் வந்து இறங்கினார். கூலியாளைப்போல் உடுத்து, வழியிலேயே கடும் நோய்ப்பட்டு, யாழ்ப்பாணத் தெருக்களில் பிச்சைக்காரராக அலைந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகக் கையேந்தினார். அதைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறதோ அந்த வீட்டில் தன் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. சில்லாலையில் தங்கி இரவில் பூசை வைத்தார். பிறகு புத்தளம் போய், கண்டிக்குப் போய், 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் தீவுகளிலிருந்தும் ஆட்கள் போய் நின்றார்கள்.

அவருடைய வரலாற்றில் என்னை மிகவும் தொடுவது அந்தப் பிச்சைப் பாத்திரம். பிள்ளைகள் தன்னைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வாசலில் வந்து நின்றார். லூக்கா சொல்லும் அந்தத் தகப்பன் தெருவில் ஓடியதை அவர் செபித்துச் செபித்து உள்வாங்கியிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதை இந்த மண்டபத்தில் இருக்கிற சிலர் என்னைவிட அறிவீர்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில், கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட்டில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் வீடு திரும்பவில்லை. அவர்களில் இளந்தகப்பன்மாரும் இருந்தார்கள். 2006 ஓகஸ்ட்டில் அல்லைப்பிட்டிப் பிலிப்பு நேரியார் ஆலயத்தில் சனம் தஞ்சம் புகுந்திருந்தபோது எறிகணைகள் விழுந்தன. பலர் இறந்தார்கள். அங்கே புதிதாகப் பொறுப்பேற்றிருந்த இளங்குரு திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகள் காயப்பட்டவர்களுக்காகவும் எஞ்சியவர்களுக்காகவும் மன்றாடி, அவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு கிழமை கழித்து, 20ஆம் திகதி, மறுபடியும் அல்லைப்பிட்டிப் பக்கம் போனார். அவரையும் கூடப்போன குடும்பஸ்தர் ஒருவரையும் அதன் பிறகு எவரும் காணவில்லை.

அந்த ஆலயத்துக்குப் பெயர் தந்த பிலிப்பு நேரியார் தொடங்கிய வழியில் வந்தவர்தான் யோசேவ் வாஸ் அடிகள். மறைந்து வந்து பிள்ளைகளைத் தேடிய ஒரு சுவாமியும், பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் மறைந்துபோன ஒரு சுவாமியும் அந்த வாசலில் ஒன்றாய் நிற்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

அன்புள்ள தந்தை இதையெல்லாம் ஏன் விட்டார் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. காணாமற்போன மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் ஒரு தாய்க்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நற்செய்தியில் நான் காண்பதை மட்டும் சொல்கிறேன். இயேசு கடவுளை அப்பா என்று கூப்பிட்டதாக மாற்கு எழுதும் இடம் கெத்சமனித் தோட்டம். அந்த இரவில் அவர் கேட்டது கிடைக்கவில்லை. துன்பக் கிண்ணம் அவரை விட்டு அகலவில்லை. நண்பர்கள் நித்திரையாகிவிட்டார்கள். கேட்டது கிடைக்காத அந்த நேரத்திலும் அவர் அந்த அழைப்பைக் கைவிடவில்லை. மனம் ஆறியிருக்கும் மாலைப்பொழுதில் தந்தை என்று சொல்வது எவருக்கும் முடியும். எங்கள் தாய்மார் கெத்சமனியில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறார்கள். அவர்கள் சில நேரம் கடவுளோடு சண்டை போடுகிறார்கள், ஏசுகிறார்கள், கோயிலுக்கு வராமல் சில மாதம் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தகப்பனிடம் இருக்கும் உரிமையோடுதான் ஏசுகிறார்கள். அந்தக் கோபத்தை அடக்கச் சொல்லி எவரும் அவர்களுக்குப் போதிக்க வேண்டாம் என்று இங்கே இருக்கிற இளங்குருக்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடவுளின் அன்பைத் தகப்பனில் மட்டும் அடைத்துவிடவும் கூடாது. தாய் மறந்தாலும் தான் மறவேன் என்று கடவுள் சொல்வதாக எசாயா எழுதுகிறார். திருத்தந்தை முதலாம் அருள் சின்னப்பர் தன் முப்பத்து மூன்று நாள் பணிக்காலத்தில், கடவுள் தந்தை, அதைவிட மேலாகத் தாய் என்ற கருத்தைச் சொன்னார். எங்களுக்கு இது புதிதல்ல. நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் போகிறவர்களும் ஊர்காவற்றுறை மாதாவிடம் வருகிறவர்களும் ஒரே தீவகத்தார். சைவ அயலார் இறைவனை அம்மையப்பன் என்று கும்பிடுவதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். தகப்பனிடம் அடியும் வசவும் மட்டுமே கண்ட ஒரு பிள்ளையிடம், கடவுள் உன் தகப்பனைப்போல என்று சொல்வது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அடி. குடி எங்கள் தீவுகளில் செய்யும் நாசத்தை அறிந்தவர்கள் இதையும் அறிவார்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் அம்மம்மாவைக் காட்டுங்கள்.

கடைசியாக, கரம்பொன்னில் பிறந்த ஒரு பெரியவரைப் பற்றி. 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி பிறந்து, ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியில் படிப்பைத் தொடங்கி, 1938இல் உரோமையில் குருவான சேவியர் தனிநாயகம் அடிகள். தமிழ் ஆராய்ச்சிக்கு அவர் செய்ததை எல்லோரும் அறிவோம். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூர் மாநாடு. புறநானூற்றின் 192ஆம் பாட்டை, கணியன் பூங்குன்றனார் பாடிய அந்த உலக உறவின் பாட்டை, போன இடமெல்லாம் எடுத்துச் சொன்னார். அதை அவர் தமிழறிஞராக மட்டும் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நாள்தோறும் பூசையில் கடவுளை 'எங்கள்' தந்தை என்று சொல்லும் ஒரு குரு, எல்லோரும் உறவினர் என்று பாடிய புலவரிடம் தன் வீட்டு வாசலையே கண்டிருப்பார்.

குருவான பிறகு அவர் கற்பிக்கப் போன முதல் இடங்களில் ஒன்று திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம். அந்த ஊர்க் கோயிலில் ஒரு காலத்தில் நடுவே சுவர் இருந்தது. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம். பீடம் மட்டும் இரு பக்கத்துக்கும் தெரியும், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இருபக்கத்தாரும் ஒரே நேரத்தில் பரலோக மந்திரம் சொன்னார்கள். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அடிகள் அங்கே போனது அதற்கு முப்பது ஆண்டு கழித்து. எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கல்லால் கட்டிய சுவர் இருக்கவில்லை. ஆனால் யார் எந்தப் பக்கத்தில் இருப்பது, யார் கொடி பிடிப்பது, யாருக்குச் சேமக்காலையில் எந்த மூலை என்று ஊருக்கு ஊர் வழக்கம் இருந்தது. முழுதாய்ப் போய்விட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்தச் சுவர்களை நினைக்கும்போது என் மனதில் வருவது ஊதாரி மகன் கதையின் மூத்தவன்; அவனை நாங்கள் பிரசங்கத்தில் பெரும்பாலும் மறந்துவிடுவோம். தம்பி வந்த சந்தோசத்தில் வீடு கொண்டாடும்போது அவன் கோபித்துக்கொண்டு வெளியில் நிற்கிறான். தகப்பனிடம் பேசும்போது தம்பி என்று சொல்லமாட்டான். உம்முடைய மகன் என்கிறான். தகப்பன் அவனுக்காகவும் வெளியே வருகிறார், அவனையும் கெஞ்சுகிறார், உன் தம்பி என்று பொறுமையாகத் திருத்திச் சொல்கிறார். இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு முறை வாசலைக் கடந்து வருகிறார். மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.

அறக்கட்டளை நிறுவியவர்களோடு கலந்துபேசி ஒரு வேண்டுகோளைக் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பவர் இப்போது பல வீடுகளில் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கிறார். அவருக்காக இன்னொருவர் பிள்ளையைத் தொட்டுவிட்டுப் போகிறார். சங்கிலியும் சட்டையும் பார்சலில் வருகிறது. உறவு விட்டுப்போகாமல் இருக்க அது நல்லதுதான். அதோடு, தகப்பனை இழந்த அல்லது தகப்பன் தூரத்தில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பங்கிலேயே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், சாதி பாராமல், வட்டாரம் பாராமல் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போக, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, குறிகாட்டுவானில் கடைசிப் படகைத் தவறவிட்டு நிற்கிற பிள்ளையைப் போய்க் கூட்டி வர. இந்த ஆண்டு வட்டிப் பணத்தை அந்தப் பிள்ளைகளின் பயணச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் ஒதுக்க ஆசிரியையின் பிள்ளைகள் சம்மதித்திருக்கிறார்கள். பொறுப்பெடுக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க மூப்பரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. திருநாள் முடிந்த கிழமை பங்குச் சபை கூடி அதைப் பார்க்கும்.